கணினி விளையாட்டில் மகளிர் போர்க்கோலம்

இலக்கிய மாந்தரின் கோலத்தை ஆராய்தல் தமிழாராய்ச்சிக்குப் புதிய துறை அன்று. தலைவியின் தழையுடை, வீரனின் கழல், கூத்தரின் ஒப்பனை ஆகியன பற்றி உரையாசிரியர் காலந்தொட்டே ஆய்வு நிகழ்ந்து வருகின்றது. கோலம் என்பது உடலை மூடும் துணி மட்டும் அன்று; இன்ன மாந்தர் இன்ன செயலுக்கு உரியர் என்று சொல்லாமற் சொல்லும் குறிப்பும் ஆகும். வெட்சிப்பூச் சூடியவன் ஆநிரை கவரப் புறப்பட்டான் என்பதை வேறொருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பூவே அதனை உரைத்துவிடுகின்றது. இத்தகைய குறிப்புமொழி இன்று கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் ஆடப்படும் விளையாட்டுகளில் பெரிதும் ஆளப்படுகின்றது. அவ்விளையாட்டுகளில் போர் புரியும் மகளிர்க்கு அளிக்கப்படும் கோலம் போருக்கு ஏலாததாய், காண்பார் கண்ணுக்கு உடலை விருந்தாக்குவதாய் அமைந்துள்ளது என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. அதன் உண்மையையும் அளவையும், தமிழ் மரபின் துணைகொண்டு அதனை மதிப்பிடும் முறையையும் இக்கட்டுரைக்கண் ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்கு எற்றுக்கு என ஒருவர் வினவலாம். நாம் வாழும் வண்ணாரப்பேட்டையிலும், அதனை அடுத்த இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளிலும், மாலைப் பொழுதில் இளைஞர் நால்வர் கூடும் இடத்தில் கைப்பேசி விளையாட்டு நிகழாத இடம் அரிது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பப்ஜி என்னும் விளையாட்டு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டு சூலையில் இந்தியாவிற்கென அமைந்த வேறு பெயருடன் மீண்டும் வந்தது. இவ்விரண்டு செய்தியையும் எம் மாணவர் தேர்வு முடிவினும் மிகுதியாகப் பேசினர். திண்ணையில் நிகழ்ந்த கதை திரையரங்கிற்குச் சென்றது. திரையரங்கிலிருந்து கைப்பேசிக்கு வந்துள்ளது. கதை சென்றவிடமெல்லாம் கதையாராய்ச்சியும் செல்லுதல் கடன்.

1. கவசத்தின் பயன்

போர்க்கோலத்தின் முதற்பயன் உயிரைக் காத்தல். பழந்தமிழ்ச் சான்றோர் கவசத்திற்கு ‘மெய்ம்மறை’ என்று பெயரிட்டனர். மெய்யை மறைப்பது மெய்ம்மறை எனப் பெயரே இலக்கணம் கூறிவிடுகின்றது. படைக்குக் காவலாய் நின்ற அரசனையே வீரர்க்கு மெய்ம்மறை என விளிக்கும் வழக்கைப் பதிற்றுப்பத்துட் காண்கின்றோம். புலித்தோலால் ஆகிய கவசம் அம்பு பட்டுச் சிதைந்த செய்தியைப் புறநானூறு கூறும். சிதைந்தது கவசம்; பிழைத்தது உயிர். கவசம் அணிவதன் பொருள் அதுவேயாம்.

உடலில் உயிர்நிலையான இடங்கள் சில உள. நெஞ்சு, வயிறு, தொடையின் உட்புறத்தே ஓடும் பெருங்குருதிக்குழாய் ஆகியன அவற்றுள் தலையாயவை. எந்நாட்டுக் கவசமாயினும் இவற்றை மறைக்கவே முயன்றுள்ளது. விளையாட்டுகளில் மகளிர் கவசம் பெரும்பாலும் இவ்விடங்களையே திறந்துவிட்டுத் தோளையும் முன்கையையும் முழங்காலையும் இரும்பால் மூடுகின்றது. அம்பு தைத்தால் ஆறும் இடத்திற்கு இரும்பு. ஆறாத இடத்திற்கு வெறுமை.

மார்பை மூடும் கவசங்களிலும் ஒரு குறை உண்டு. ஐரோப்பியர் அணிந்த இரும்புக் கவசத்தின் மார்புத்தகடு நடுவே புடைத்து இருபுறமும் சரிந்திருக்கும். வாளோ வேலோ அதன்மேற் பட்டால் முனை வழுக்கிப் பக்கவாட்டிற் செல்லும். விளையாட்டு ஓவியர் பலர் மகளிர்க்கு வரையும் தகடு இரண்டு கிண்ணங்களைச் சேர்த்தாற்போல் இருக்கும். வழுக்கிய முனை இரண்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்தில் வந்து நிற்கும். அப்பள்ளத்தின் நேர் உள்ளே இருப்பது மார்பெலும்பு. அதன் பின்னே இருப்பது நெஞ்சுப்பை. எனவே இத்தகடு அடியை விலக்காது, ஏற்று உள்ளே செலுத்தும். காக்க வேண்டிய கவசம் கொல்லனை விடுத்து ஓவியனிடம் சென்றமையின் விளைவு இஃது என்க.

2. இக்கோலம் வந்த வழி

இக்கோலம் கணினியில் பிறந்தது அன்று. 1934ஆம் ஆண்டு இராபர்ட் ஹோவர்டு என்னும் அமெரிக்க எழுத்தாளர் பதினாறாம் நூற்றாண்டுப் போர் பற்றிய கதையொன்றில் சோன்யா என்னும் வீராங்கனையைப் படைத்தார். அவள் துப்பாக்கியும் வாளும் ஏந்தி, முழு உடை உடுத்து, ஆடவரோடு ஒப்பப் போர் செய்பவள். 1973ஆம் ஆண்டு அப்பெயரைத் தழுவி ‘ரெட் சோன்யா’ என்னும் மாந்தர் அமெரிக்கப் படக்கதை இதழில் தோன்றினாள். சிறிது காலத்தில் எசுத்தேபான் மரோத்தோ என்னும் ஓவியர் அவளுக்கு மீன்செதில் போன்ற இரும்புத் துண்டுகளாலாகிய ஈருறுப்பு நீச்சலுடையை வரைந்தளித்தார். கதை தந்த உடை மறைந்து, படம் தந்த உடையே நிலைத்தது.

அம்மரபு விளையாட்டிற்குள் புகுந்தமைக்குச் சிறந்த சான்று 1989இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘கோல்டன் ஆக்ஸ்’. அதில் டைரிஸ் பிளேர் என்னும் பெண் நீச்சலுடை போன்ற கவசத்தோடு போர் செய்வாள். அவளுடன் வரும் ஆடவனும் அரையாடையனே என்பதை மறைத்தல் நடுநிலை ஆகாது. ஆயினும் ஆடவன் உடலில் ஓவியன் காட்ட விரும்பியது தசையின் வலிமை. பெண்ணுடலில் காட்ட விரும்பியது அதுவன்று.

இதனினும் நுட்பமான சான்று 1986இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘மெட்ராய்டு’. அதன் தலைமை மாந்தர் தலை முதல் அடி வரை கவசம் பூண்டவர். ஆடுவோர் அவரை ஆடவன் என்றே எண்ணி ஆடுவர். குறித்த காலத்திற்குள் ஆட்டத்தை முடித்தால் கவசம் நீங்கி, அவர் சாமஸ் என்னும் பெண் என்பது புலனாகும். மிக விரைவில் முடித்தவர்க்கு அவள் நீச்சலுடையில் காட்டப்படுவாள். போர் நிகழும்பொழுது முழுக்கவசம் அளித்த அதே விளையாட்டு, கவசம் களைந்த உடலை வென்றவர்க்குப் பரிசிலாக வைத்தது. வென்ற செயல் அவளுடையது, பரிசில் காண்பவனுக்கு.

1996இல் வந்த ‘டூம் ரைடர்’ விளையாட்டின் லாரா கிராப்ட் உலகறிந்த மாந்தர். கையில்லாச் சட்டையும் குறுங்காற்சட்டையும் அவள் கோலம். பெருநாட்டின் பனிபடர்ந்த மலைக்குகையிலும் அவள் அதே கோலத்தோடுதான் நுழைகின்றாள். 2013இல் அவ்விளையாட்டு புதிதாக அமைக்கப்பட்டபொழுது நீண்ட காற்சட்டை வந்தது. உடலில் சேறும் காயமும் வந்தன. குளிரில் அவள் நடுங்கவும் செய்தாள். கதையின் இடமும் உடலும் ஒன்றோடொன்று பொருந்தின எனலாம்.

2004இல் தோன்றிய ‘வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்’ விளையாட்டில் பிறிதொரு விந்தை உண்டு. ஒரே பெயரும் ஒரே ஆற்றலும் உடைய கவசத்தை ஆண் உருவம் அணிந்தால் அஃது உடலை மூடும். பெண் உருவம் அணிந்தால் அதன் கீழ்ப்பகுதி சுருங்கித் தொடையும் வயிறும் தோன்றும். இவ்வாறு அமைந்த கவசங்கள் அதன் தொடக்ககாலத்தில் பல. காக்கும் அளவு எண்ணில் ஒன்றாகவே இருக்கும். கவசத்தைக் கோலம் ஆக்கியது பயன் அன்று, பார்வையே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

3. கூறப்படும் காரணங்கள்

இக்கோலத்தைச் சார்ந்து பேசுவோர் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது, இது கற்பனையுலகம், ஆங்கு மெய்ம்மை தேடுதல் வீண் என்பது. கற்பனையுலகிற்கும் தனக்கென ஒரு முறை உண்டு. பறக்கும் குதிரையை ஏற்கும் வாசகன், அக்குதிரை காரணமின்றி ஒருநாள் பறக்க மறந்தால் ஏற்கமாட்டான். அவ்வுலகில் மந்திரமே காப்பதாயின் ஆடவரும் கவசமின்றித் திரியலாமே. அவர்க்கு மட்டும் இரும்பு எதற்கு?

இரண்டாவது, கதையிலேயே காரணம் உண்டு என்பது. 2015இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ வரிசையின் ஐந்தாம் விளையாட்டில் குவயட் என்னும் துப்பாக்கி வீராங்கனை வருகின்றாள். அவள் தோல் வழியே மூச்சு விடுபவள் என்றும், உடுத்தினால் மூச்சடைக்கும் என்றும் கதை கூறும். ஆனால் அதே வரிசையில் 2004இல் வந்த விளையாட்டில், செடியைப்போல் ஒளியை உண்டு வாழும் முதிய வீரன் ஒருவன் உள்ளான். அவன் உடை உடுத்தே வாழ்கின்றான். உடல் இயல்பு காரணமாயின் முதியோனுக்கும் அது காரணமாதல் வேண்டும். எனவே கோலம் முந்தியது, காரணம் பிந்தியது என்பது பெறப்படும்.

மூன்றாவது, ஆடவர் உருவமும் மிகைப்படுத்தப்படுகின்றதே என்பது. உண்மை. மிகை இருபாற்கும் உண்டு. மிகையின் திசைதான் வேறு. ஆடவனைப் பார்த்து ஆடுவோன் ‘நான் இவனாக வேண்டும்’ என எண்ணுமாறு மிகை அமைகின்றது. பெண்ணைப் பார்த்து ‘இவள் எனக்கு வேண்டும்’ என எண்ணுமாறு மிகை அமைகின்றது.

நான்காவது, மகளிரும் இத்தகைய கோலத்தை விரும்புவது உண்டு என்பது. 2009இல் வந்த ‘பேயொனெட்டா’ விளையாட்டின் தலைவியை வரைந்த மாரி ஷிமாசாகி ஒரு பெண்மணி. ஒப்பனையை விரும்பி ஏற்றல் எவர்க்கும் உரிமை. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. பல கோலங்களுள் ஒன்றாகத் தேர்ந்துகொள்ளுதல் ஒன்று. வேறு கோலமே இன்றித் திணிக்கப்படுதல் மற்றொன்று. குறை பின்னதன்கண் உள்ளது.

கூறப்படாத காரணம் ஒன்றும் உண்டு, அது வாணிகம். விலையின்றிக் கிடைக்கும் விளையாட்டுகள் பல, உருவத்திற்கு அணிவிக்கும் கோலத்தை விற்றே பொருள் ஈட்டுகின்றன. ‘ஸ்கின்’ என்று இளைஞர் வழங்குவது அதனையே. மேலும், பல விளையாட்டுகளில் ஆடுவோர் மாந்தரின் முதுகுப்புறத்தே நின்று நோக்குமாறு பார்வைக்கோணம் அமைகின்றது. பல நாழிகை அவ்வுருவத்தையே நோக்கியிருப்பவனுக்கு எதனைக் காட்டினால் விற்கும் என்று வாணிகர் கணக்கிடுகின்றனர். அக்கணக்கில் வாங்குவோன் இளைஞனாகிய ஆடவன் என்னும் முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

4. தமிழ் மரபில் போர்மகள்

சங்கச் செய்யுட்களில் மகளிர் போர்க்களத்திற்குப் பெரும்பாலும் வீரரின் தாயராகவும் மனைவியராகவுமே தொடர்புடையர். மூதின் முல்லைத் துறை அவர்தம் நெஞ்சுரத்தைப் பாடும். அவர் கையில் வாள் கொடுத்துப் பாடுவதில்லை. எனவே போர்மகளின் கோலத்தைக் காணக் கொற்றவையிடம் செல்லுதல் வேண்டும். தொல்காப்பியர் கொற்றவை நிலையைப் புறத்திணையியலில் வெட்சியொடு சார்த்திக் கூறினார். ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இது: தமிழர் தம் போர்மகளை வைத்த இடம் புறம்; அகம் அன்று.

அவள் கோலத்தை இளங்கோவடிகள் சிலப்பதிகார வேட்டுவ வரியில் விரித்துரைக்கின்றார். எயினர் தம் குலக்குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கின்றனர். கூந்தலைப் பாம்புக்குட்டி போன்ற நாணால் சுற்றி முடியாகக் கட்டுகின்றனர். தோட்டத்தை அழித்த பன்றியின் வளைந்த கொம்பைப் பறித்துப் பிறையாகச் சாத்துகின்றனர். புலியின் வாயைப் பிளந்து எடுத்த பற்களைக் கோத்துத் தாலியாகப் பூட்டுகின்றனர். வரியும் புள்ளியும் கலந்த தோலை இடையில் உடுத்துகின்றனர். கையில் வில்லைக் கொடுத்துக் கலைமானின்மேல் ஏற்றுகின்றனர்.

இவ்வொப்பனையில் ஒவ்வோர் அணியும் ஒரு செயலின் எச்சம் என்பதை நோக்குக. கொம்பு இருந்தால் பன்றி வீழ்ந்தது. பல் இருந்தால் புலி வீழ்ந்தது. தோல் இருந்தால் வேட்டை முடிந்தது. அக்குமரியின் உடலில் வீரச்செயல்களின் வரலாறே அணியாக எழுதப்பட்டுள்ளது. அதனைக் காண்பவன், ‘இவள் எத்தகைய அழகி’ என்பதற்கு முன்னர், ‘இவள் எதிரில் நிற்க எவரால் இயலும்’ என்று எண்ணுவான். போர்க்கோலம் உணர்த்த வேண்டியது இதுவே. அவ்விடத்தே கண்ணகியும் இருந்தாள் என்பதும், பின்னர் மதுரையில் சினந்து எழப்போகின்றவள் அவளே என்பதும் காப்பியத்தின் நயம்.

சிற்பத்திற்கு வருவோம். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் தேவி அரிமாவின்மேல் அமர்ந்து வில் வளைக்கின்றாள். எருமைத்தலை அசுரன் கதையைப் பற்றியவாறு பின்சாய்கின்றான். கோயிற் சிற்பங்களில் பெண்ணுருவம் மெல்லிய உடையோடுதானே காணப்படுகின்றது, நம் மரபில் மட்டும் குறை இல்லையோ எனக் கேட்பார்க்கு இச்சிற்பமே விடை. இதில் தேவிக்குக் கச்சு உண்டு. அசுரனுக்கோ கணங்கட்கோ மேலாடை இல்லை. ஒரே உலகில் ஒரே உடைநெறி அமைந்துள்ளது. அதற்கும் மேலாக, சிற்பி நம் கண்ணைச் செலுத்தும் திசையை நோக்குக. தேவியின் உடலும் வில்லும் அரிமாவும் அனைத்தும் அசுரனை நோக்கிப் பாய்கின்றன. காண்பவனை நோக்கி அவள் திரும்பவில்லை. அவளுக்கு வேலை இருக்கின்றது.

எனவே உடலின் எவ்வளவு பகுதி தெரிகின்றது என்று அளவுகோல் கொண்டு அளப்பது ஆராய்ச்சி ஆகாது. காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் தாய்மார் சேலையை முழங்காலளவு ஏற்றிச் செருகியே நீரிலும் சேற்றிலும் நடப்பர். அதனை நாணமின்மை என்பார் எவரும் இலர். கால் தெரிவது வேலையின்பொருட்டு. வேலையின்பொருட்டுத் தெரியும் உடல் வேறு. காட்டுதற்பொருட்டு வேலையையே கெடுக்கும் உடை வேறு.

5. அகமும் புறமும்

மெய்ப்பாட்டியல் இவ்விடத்துப் பெருந்துணை ஆகின்றது. பெருமிதம் தோன்றும் நிலைக்களம் நான்கு என்பர் தொல்காப்பியர்; அவை கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. உவகையின் நிலைக்களமும் நான்கு; அவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. விளையாட்டையும் புணர்வையும் ஒரே மெய்ப்பாட்டின் நிலைக்களங்களாகத் தொல்காப்பியர் கூறியமை இற்றை விளையாட்டு வாணிகத்தைக் கண்டே கூறினாற்போலத் தோன்றுகின்றது.

ஆடுவோனுக்கு உண்டாவது உவகை, அது விளையாட்டால் வருவது, அதில் தடையில்லை. ஆனால் ஆட்டத்தினுள் போர் புரியும் மாந்தர்க்கு உரியது பெருமிதம். அது தறுகண்மையால் வருவது. ஆடவ மாந்தர்க்கு இவ்விரண்டும் முறையே நிற்கின்றன: அவன் தறுகணாளனாய் இருப்பான், ஆடுவோன் அதனால் உவப்பான். பெண் மாந்தர்க்கோ தறுகண் வாயளவில் கூறப்பட்டுக் கோலத்தால் மறுக்கப்படுகின்றது. அவள் பெருமிதத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, ஆடுவோனின் உவகைக்கு, அதுவும் புணர்வு பற்றிய உவகைக்கு, நிலைக்களமாக வைக்கப்படுகின்றாள். அகத்திற்குரிய கோலத்தைப் புறத்திற்குரிய களத்தில் நிறுத்தும் இதனை ‘அகப்புற மயக்கம்’ எனப் பெயரிட்டு வழங்கலாம். தொல்காப்பியர் ஏற்றுக்கொண்ட திணைமயக்கத்தினின்றும் இது வேறு. திணைமயக்கம் பொருளைச் சிறப்பிக்கும். இம்மயக்கம் பொருளைக் கெடுக்கும்.

போரும் காதலும் ஒரே மாந்தர்பால் அமைதல் கூடாது என்பது எம் கருத்தன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துத் தடாதகைப் பிராட்டியார் திக்குவிசயம் செய்தவர். கயிலையில் இறைவனைக் கண்டபொழுதுதான் மூன்றாம் கொங்கை மறைகின்றது, நாணம் தோன்றுகின்றது. போர் ஓய்ந்தபின் காதல் பிறக்கின்றது. சயங்கொண்டாரும் கலிங்கத்துப்பரணியில் இன்பத்திற்குரிய மகளிரைக் கடைதிறப்பில் நிறுத்திப் பாடுகின்றார். களத்திற்குரிய தேவியைப் பாம்பும் யானைத்தோலும் அணிந்தவளாகத் தனியே பாடுகின்றார். அவள் அழகையும் அவர் பாடாமல் இல்லை. ஆயினும் அவ்வழகு அச்சத்தோடு கூடியே நிற்கும்.

6. காளி என்னும் வழக்கு

இம்மயக்கம் நம் தெய்வத்தையே தீண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பல நாட்டுத் தெய்வங்களைப் போர்மாந்தராக்கி அமெரிக்க நிறுவனம் ஒன்று ‘ஸ்மைட்’ என்னும் விளையாட்டை உருவாக்கியது. அதில் காளியும் ஒரு மாந்தர். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாழும் இந்து சமயத்தார் சிலர், காளி இழிவாகவும் காமக் குறிப்போடும் காட்டப்பட்டுள்ளாள் என எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வெதிர்ப்பினுள் இரண்டு வினாக்கள் கலந்திருந்தன. வழிபடு தெய்வத்தை ஆடுவோன் கையில் ஆட்டுவித்தல் தகுமா என்பது ஒன்று. அது சமயத்தார் முடிவு செய்தற்கு உரியது. அவள் கோலம் அவள் தன்மைக்குப் பொருந்துமா என்பது மற்றொன்று. அது நம்மனோர் ஆராய்தற்கு உரியது.

காளியின் உருவத்தில் ஆடையின்மை புதியது அன்று. வடநாட்டு மரபில் அவள் திசைகளையே ஆடையாக உடையவள். ஆனால் அந்த ஆடையின்மை காண்பவனை அழைப்பதன்று, அஞ்சச் செய்வது. மண்டையோட்டு மாலை, நீட்டிய நா, குருதி ஆகியவற்றோடு கூடிய அவ்வுருவம், உடலை இன்பப்பொருளாக நோக்கும் நோக்கையே சிதைக்கின்றது. நம் காரைக்காலம்மையார் அழகுடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றதும் இந்நோக்கை விலக்குதற்கேயாம். விளையாட்டுக் காளியிடம் படைக்கலமும் மண்டையோடும் எஞ்சின, அச்சம் எஞ்சவில்லை.

‘அணங்கு’ என்னும் சொல்லின் வரலாறு இதனை விளக்கும். சங்க காலத்தில் அணங்கு என்பது வருத்தும் ஆற்றலையும் அவ்வாற்றலுடைய தெய்வத்தையும் குறித்தது. பிற்காலத்தில் அது பொதுவாக அழகிய பெண்ணையும் குறிக்கலாயிற்று. ஆற்றல் என்னும் பொருள் மங்கி, அழகு என்னும் பொருள் மட்டும் தங்கியது. ஒரு சொல் பல நூற்றாண்டுகளில் அடைந்த பொருட்சுருக்கத்தை விளையாட்டு ஓவியன் ஒரே வரைவில் செய்து முடிக்கின்றான்.

இதற்கு மறுதலையான முயற்சியும் இந்நாட்டில் உண்டு. புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் என்னும் குழுவினர் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ என்னும் விளையாட்டில், கழைக்கூத்துப் பயின்ற இளம்பெண் ஒருத்தி அசுரர் கவர்ந்த தம்பியைத் தேடிச் செல்கின்றாள். துர்க்கை அவளுக்குச் சூலம் அளிக்கின்றாள். அவள் தாவுதலும் சுழலுதலும் கூத்துத் தொழிலால் வந்தவை. பார்வைக்கோணம் அவள் உடலை ஒட்டி நில்லாது, தொலைவில் நின்று சிற்றோவியக் காட்சிபோல் மண்டபங்களுக்கிடையே அவளைக் காட்டுகின்றது. காண்போன் கண் செல்வது அவள் செயலின்மேல்.

7. மெய்யான களங்களில்

விளையாட்டுத் திரையில் நிகழ்வது நிழல்தானே, அதனால் வரும் கேடு என்ன என்பாரும் உளர். எம் மாணவருள் சிலரும் இவ்வாறு கேட்டதுண்டு. நிழலை ஆக்கும் நோக்கு மெய்யுலகில் விதியாகவும் வந்து நிற்பதை அவர்க்குக் காட்டுதல் வேண்டும்.

வடசென்னை குத்துச்சண்டைக்குப் பெயர்போன பகுதி. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் குத்துச்சண்டை முதன்முறையாக இடம்பெற்றது. மேரி கோம் வெண்கலம் வென்றார். அதற்குச் சற்று முன்னர், குத்துச்சண்டை மகளிர் பாவாடை அணிதல் வேண்டும் என உலகக் கூட்டமைப்பினர் எண்ணினர். மகளிர் பலர் எதிர்த்தனர். முடிவில் பாவாடையோ காற்சட்டையோ அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. இறகுப்பந்தாட்டத்திலும் 2011இல் இத்தகைய விதி அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பினால் 2012இல் கைவிடப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஐரோப்பியக் கடற்கரைக் கைப்பந்துப் போட்டியில் நீச்சலுடைக்கு மாறாகக் குறுங்காற்சட்டை அணிந்த நார்வே நாட்டு மகளிர்க்கு 1500 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் விதி மாற்றப்பட்டது. இவற்றுள் எவ்விதியும் ஆட்டத்தைச் செம்மை செய்ய வந்ததன்று. ஆடுவோரின் உடல் காண்போர்க்கு எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதற்கே வந்தது. கணினியில் கோலம் வரைந்தவனும் இவ்விதி வகுத்தவனும் ஒரே கண்ணால் கண்டனர்.

மெய்யான போர்க்களத்திற்குத் தமிழ்மகளிர் சென்ற வரலாறும் நமக்கு உண்டு. 1943ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நேதாசி சுபாசு சந்திரபோசு ஜான்சிராணிப் படையை அமைத்தார். சென்னை மருத்துவர் இலட்சுமி அதற்குத் தலைமை ஏற்றார். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப்பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். சேலை உடுத்தி வந்தவர் காற்சட்டையும் மேற்சட்டையும் தொப்பியும் பூண்டு துப்பாக்கிப் பயிற்சி பெற்றனர். போருக்குப் புறப்படும் பெண்ணின் கோலம் எத்தகையது என்னும் வினாவிற்கு அவர்கள் தம் உடலாலேயே விடை எழுதினர்.

8. முடிபு

மேற்கூறியவற்றான் மகளிர் போர்க்கோலத்தை மதிப்பிட மூன்று அளவைகள் கிடைக்கின்றன. ஒன்று, செயற்பொருத்தம்: அக்கோலத்தோடு அம்மாந்தர் அச்செயலைச் செய்தல் கூடுமா? இரண்டு, ஒப்புநெறி: அவ்வுலகத்து ஆடவர்க்கும் அதே நெறி உண்டா? மூன்று, நோக்கின் திசை: கோலம் மாந்தரின் செயலை நோக்கி நம்மைச் செலுத்துகின்றதா, செயலிலிருந்து உடலுக்குத் திருப்புகின்றதா? இம்மூன்றிலும் தேறிய கோலம், எவ்வளவு உடல் தெரிந்தாலும், குறையுடையது ஆகாது. மூன்றிலும் தவறியது, எவ்வளவு இரும்பு பூண்டாலும், போர்க்கோலம் ஆகாது.

இவ்வளவைகள் ஏட்டோடு நிற்பன அல்ல. அயல்நாட்டு விளையாட்டுகளுக்கு ஓவியம் வரைந்து கொடுக்கும் தொழில் இந்தியாவில் வேரூன்றியுள்ளது. பெங்களூரில் துருவா என்னும் நிறுவனம் 1997இலேயே தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்த தொழிலாளரால் வண்ணாரப்பேட்டை பெயர் பெற்றது. இன்றும் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளால் அது பெயர் விளங்குகின்றது. அப்பேட்டையின் பிள்ளைகள் நாளை திரையுருவங்களுக்கு உடை வரைவோராக அமர்தலும் கூடும். அயலார் கூறிய அளவுக்குத் துணி வெட்டுவதோடு அவர் தொழில் முடிந்துவிடுதல் ஆகாது. வேலு நாச்சியாரையோ கொற்றவையையோ ஒருநாள் அவர் வரைய நேரின், எந்த ஏட்டைப் பார்த்து வரைவர்? கையருகே இருப்பது நீச்சலுடைக் கவசமாயின் அதனையே வரைவர்; வேட்டுவ வரியாயின் புலிப்பல் தாலியை வரைவர்.

இலக்கியங்களிலும் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் உள்ள மகளிர் போர்க்கோலச் செய்திகளைக் காலமுறைப்படி தொகுத்துப் படவிளக்கத்தோடு வெளியிடுதல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப்பொருள். கொற்றவையின் அணிகள், அல்லியரசாணி முதலிய கதைப்பாடல்களின் வருணனை, நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள், ஜான்சிராணிப் படையினரின் நிழற்படங்கள் ஆகியன தனித்தனியே ஆராயத்தக்கவை. அத்தொகுப்பு ஓவியர் மேசைக்குச் செல்லுமாயின் தமிழாராய்ச்சி தன் கடமையுள் ஒரு பகுதியை ஆற்றியதாகும்.